ஏதென்ஸ் பேண்டுகளின் 37 கேசட்டுகள்: பேண்ட் வாரியாக வைப்பதா, ஆள் வாரியாக வைப்பதா?

ஓக்கோனிக்கரை:

வணக்கம். நான் 14 வருடமாக அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் இருக்கிறேன். பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை. போன மாதம் எதிர்வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மேக்கனில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். கிளம்புகிற அன்று ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். உள்ளே 37 கேசட். 1980களில் இந்த ஊர் வீட்டு விருந்துகளிலும் சின்னக் கிளப்புகளிலும் அவரே பதிவு செய்தவை.

இந்த ஊரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பி-52ஸ் ராக் குழு 1977 காதலர் தினத்தன்று இங்கே ஒரு வீட்டு விருந்தில்தான் முதலில் வாசித்தது. ஆர்.இ.எம். ராக் குழு முதலில் வாசித்தது 1980 ஏப்ரல் 5 அன்று, ஒரு பழைய தேவாலயத்துக்குள், பிறந்தநாள் விருந்தில். தேவாலயம் போய்விட்டது, கோபுரம் மட்டும் இன்னும் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கவலை, பெட்டியில் இருக்கும் மற்றவர்களைப் பற்றி.

ஓ-ஓகே என்று ஒரு பேண்ட். பேஸ் கிடார் வாசித்த லிண்டா ஸ்டைப், ஆர்.இ.எம். பாடகர் மைக்கேல் ஸ்டைப்பின் தங்கை. கூடப் பாடிய லிண்டா ஹாப்பர் பின்னாளில் மேக்னாபாப் குழுவில் பாடினார். படிக்க வந்த இடத்தில் கிடாருடன் சேர்ந்துகொண்ட மேத்யூ ஸ்வீட் 1991-ல் சொந்த ஆல்பத்தோடு நாடெங்கும் தெரிந்தவரானார். ஒரு சின்னக் குழுவிலிருந்தே இத்தனை கிளை. பேண்ட் பெயரில் அடுக்கினால் ஆட்கள் போன வழி மறைந்துவிடுகிறது. ஆள் பெயரில் அடுக்கினால் பேண்ட் சிதறிவிடுகிறது. எப்படி வைப்பது?

இன்னொன்று. சோதனைக்காக ஒரு கேசட்டை ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக மாற்றச் சொன்னேன். ஒரு பக்கத்து ஒலி இல்லை. பாட்டுக்கு நடுவே பேசியதை எல்லாம் வெட்டிவிட்டார்கள். அதைவிட, கேசட்டோடு இருந்த அட்டையைத் தொலைத்துவிட்டார்கள். அவர் கையால் எழுதிய தேதியும் இடமும் அதில்தான் இருந்தன. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மீதி 36-ஐயும் நானே செய்ய நினைக்கிறேன். வழி சொல்லுங்கள்.

வைகைக்கரை:

தங்கச்சி, நான் மதுரையில் 18 வருடம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன். உங்கள் ஊர் பேண்ட் எனக்குத் தெரியாது, கேசட் தெரியும்.

முதலில் அட்டை. டெக் பக்கமே போகாதீர்கள். 36 அட்டையையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். கேசட் மேல் ஒட்டிய லேபிளையும் எடுங்கள். அப்புறம், கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள். அது இருந்தால் தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் எல்லாம் போச்சு. என் கடையில் அப்படி ஒரு கல்யாணக் கச்சேரி அழிந்தது. அந்த வீட்டுக்காரர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கேசட் வாயில் நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடும் அதன் மேல் பஞ்சுத் துண்டும் இருக்கும். நாடாவை ஹெட்டோடு, அதாவது டெக்கில் ஒலியைப் படிக்கும் பாகத்தோடு, அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்துவிடும். சத்தம் மங்கலாக, ஏறி இறங்கி வந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஸ்க்ரூ போட்ட வேறு கேசட் ஒன்றைத் திறந்து, அதன் கூட்டுக்குள் உங்கள் நாடாவை மாற்றி வைத்துவிடலாம். வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், டெக்கோடு சேர்ந்து மற்றதும் கெடும்.

ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஹெட் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். பதிவு செய்த மெஷினும் உங்கள் மெஷினும் ஒரே சாய்மானத்தில் இருக்காது. திருகு நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, காதில் ஹெட்போன் போட்டு, சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) சத்தம் 'ஸ்ஸ்' என்று துல்லியமாக விழும்வரை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கால் திருப்புக்கு மேல் போகாது. டால்பி (இரைச்சல் குறைக்கும் முறை) போட்டுப் பதிவு செய்ததா என்று அட்டையில் பாருங்கள்.

கணினியில் எம்பி3 வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி வரும், வரட்டும்.

அடுக்கும்கை:

வணக்கம் அக்கா. நான் டொரொண்டோவில் நூலகத்தில் பட்டியல் போடுகிற வேலை செய்கிறேன். பேண்டா ஆளா என்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை. கேசட்டை கேசட்டாகவே, பெரியவர் வைத்திருந்த வரிசையிலேயே 1 முதல் 37 வரை எண் போட்டு வையுங்கள். அந்த வரிசையும் ஒரு சாட்சிதான். தொலைந்த அட்டைக்கும் எண் கொடுங்கள், உங்களுக்கு நினைவிருப்பதை இன்றைக்கே எழுதுங்கள்.

பிறகு தனியாக ஒரு அட்டவணை. ஒரு வரிக்கு ஒரு உறவு: ஆள், பேண்ட், என்ன வாசித்தார், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, இது எங்கிருந்து தெரிந்தது. கடைசிக் கட்டத்தை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். மியூசிக்பிரெயின்ஸ் என்ற இணைய இசைத் தகவல் தளமும் ஆளையும் பேண்டையும் இப்படித்தான் இணைக்கிறது. உங்கள் அட்டவணையில் இருப்பதை அங்கேயும் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பைலான் குழு 1983-ல் கலைந்தது, பிறகு திரும்பவும் கூடியது. கிடார் வாசித்த ராண்டி பியூலி 2009-ல் இறந்தார். பாடகி வனெசா பிரிஸ்கோ ஹே பிற்பாடு சூப்பர்கிளஸ்டரில் பாடினார், அதன்பின் பைலான் ரீஎனாக்ட்மென்ட் சொசைட்டி குழுவில். அவருக்கு மட்டும் நாலு வரி தேவைப்படும். எலிஃபன்ட் 6 என்ற இசைக்குழு வட்டத்தைச் சேர்ந்த ஒலிவியா ட்ரெமர் கண்ட்ரோல் குழு உடைந்தபோது வில் கலன் ஹார்ட் ஒரு பக்கம் சர்குலேட்டரி சிஸ்டம், பில் டாஸ் இன்னொரு பக்கம் சன்ஷைன் ஃபிக்ஸ் என்று தனித்தனிக் குழுவாகப் போனார்கள். டாஸ் 2012-ல் போய்விட்டார், ஹார்ட் 2024 நவம்பரில். இனி அவர்களிடம் எதையும் கேட்க முடியாது. அதனால் அக்கா, டிஜிட்டல் வேலையைத் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை, பெரியவரோடு கதைப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பின்னாளைய வேலை இசையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதே எலிஃபன்ட் 6 வட்டத்து ராபர்ட் ஷ்னைடர் 2018-ல் எமரி பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வு, எண்களின் பிரிவினைகள் பற்றி, அதாவது ஒரு எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பது. நம் இராமானுஜன் உழுத வயல்தான் அது. அதற்கும் ஒரு வரி போடுங்கள்.

பாட்டின் உரிமை பேண்டுகளுடையது, கேட்காமல் பொதுவில் ஏற்ற வேண்டாம். ஒரு பிரதியை உங்கள் பல்கலைக்கழகத்தின் சிறப்புத் தொகுப்பு நூலகத்தில் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

நள்ளிரவு எஃப்எம்:

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கேசட்டாவது ஷூ பெட்டியில் 40 வருடம் இருந்தது. அவசரம் 2003 முதல் 2010 வரையிலான பேண்டுகளுக்குத்தான். பலர் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் மட்டுமே பாட்டு வைத்திருந்தார்கள். 2015-க்கு முன் ஏற்றியதெல்லாம் சர்வர் மாற்றும்போது போய்விட்டது என்று 2019-ல் சொன்னார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் மீண்டது ஏறக்குறைய 4,90,000 பாட்டு மட்டும். என் நண்பனின் கல்லூரிப் பேண்ட் அதில் இல்லை. 80-களின் ஆட்கள் பின்னால் தொடங்கிய குழுக்களும் அந்தக் காலத்தில்தான் வருகின்றன. அவர்கள் பழைய லேப்டாப்பையும் எழுதிய சிடிகளையும் இப்போதே கேளுங்கள். எழுதிய சிடி கேசட் அளவுக்குக்கூடத் தாங்காமல் போகலாம்.

ஓக்கோனிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மதுரை அண்ணே, 11-ஆம் கேசட்டில் பஞ்சுத் துண்டு விழுந்து கூட்டுக்குள் உருண்டுகொண்டு இருந்தது. கூடு மாற்றினேன். திருகைத் தொட்டதும் சிம்பல் பளிச்சென்று திறந்தது. கை நடுங்கிவிட்டது.

அதில் இரண்டாம் பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் பாடகி பேசுகிறார். டிரம்ஸ் வாசிப்பவர் நாளைக் காலைப் பரீட்சைக்குப் போக வேண்டும், அதனால் இன்னும் இரண்டு பாட்டுதான் என்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த டிரம்ஸ்காரர் வேறொரு பேண்டோடு வாசிக்கிறார், அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம். அந்தக் கடையில் கொடுத்திருந்தால் இந்த 40 விநாடியும் போயிருக்கும். அட்டவணையில் 'பெயர் வைக்காத பேண்ட்' என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். எங்கிருந்து தெரிந்தது: கேசட் 11, முதல் பக்கம், 9 நிமிடம் 20 விநாடி.

பெரியவரிடம் போனில் கேட்டேன். சத்தத்தைக் கேட்டால் யார் என்று சொல்லிவிடுவேன் என்கிறார். சனிக்கிழமை டெக்கையும் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு மேக்கன் போகிறேன்.