போர்டு வந்தும் உயிர் வரவில்லை, இன்னும் மூன்று வாரம் காத்திருக்க முடியாது, உதவுங்கள்

சிப்புட்_செல்வன் (திங்கள், இரவு 11.52)
வணக்கம். அவசரம். செம்பனைக் குலையைக் கைவண்டியில் வைத்தவுடன் எடை காட்டுகிற கருவி ஒன்று செய்கிறேன். பிரெட்போர்டில் (ஈயம் வைக்காமல் வயர் செருகிச் சோதிக்கும் பலகை) நன்றாக ஓடியது. சர்க்யூட் போர்டு அடிக்கக் கொடுத்தேன், மூன்று வாரம் கழித்து வந்தது. ஈயம் வைத்துக் கரண்ட் கொடுத்தால் செத்துக் கிடக்கிறது. இது இரண்டாவது போர்டு. முதல் போர்டில் கனெக்டரைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தவறுக்கும் மூன்று வாரம் என்றால் எப்போது முடிப்பது? அடுத்த மாதக் கடைசியில் தோட்டத்தில் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அப்பா 20 வருடமாகக் குலை வெட்டுகிறார். ஒரு நாளில் எவ்வளவு வெட்டினோம் என்ற கணக்கு அவர் கையிலேயே இருக்க வேண்டும். சீக்கிரம் மாதிரி செய்ய வழி சொல்லுங்கள்.

கூலிம்_வயர்மேன் (செவ்வாய், காலை 6.30)
தம்பி, எந்தச் சிப்? எத்தனை வோல்ட் கொடுக்கிறீர்கள்? செத்துக் கிடக்கிறது என்றால் விளக்கே எரியவில்லையா, கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லையா? படமும் சர்க்யூட்டும் போடுங்கள்.

ஈயக்கோல் (செவ்வாய், காலை 8.05)
இதை இங்கே எத்தனை தடவை எழுதியாகிவிட்டது. ஈஎஸ்பி32 (வைஃபை ரேடியோவோடு வரும் சிறு கம்ப்யூட்டர் சிப்) ஆகத்தான் இருக்கும். ஈஎன் காலில் (சிப்பை இயங்கவிடும் கால்) 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் இருக்கிறதா? சப்ளை 500 மில்லி ஆம்பியராவது தாங்குமா? சிப்பின் டேட்டாஷீட்டை (விவரத் தாள்) திறந்தே பார்க்காமல் போர்டு வரைந்தால் இப்படித்தான். முதலில் படியுங்கள், பிறகு கேளுங்கள்.

பழைய_ஃபிட்டர் (செவ்வாய், பகல் 12.40)
மூன்று வாரம் ஏன் காத்திருக்க வேண்டும்? செம்புத் தகட்டில் லேசர் பிரிண்டர் டோனரால் கோடுகளை ஒட்டி, மீதிச் செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடில் போட்டு எடு. சாயங்காலம் தொடங்கினால் இரவுக்குள் போர்டு ரெடி. நான் அந்தக் காலத்திலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

தைப்பிங்_தேவி (செவ்வாய், பகல் 1.15)
அண்ணே, அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? அதில் செம்பு கரைந்திருக்கும். லயத்துச் சாக்கடையில் ஊற்றினால் நேராக ஆற்றுக்குத்தான் போகும்.

பழைய_ஃபிட்டர் (செவ்வாய், பகல் 1.50)
நான் ஒரு நாளும் சாக்கடையில் ஊற்றியதில்லை அம்மா. டப்பாவில் மூடி வைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவேன்.

தைப்பிங்_தேவி (செவ்வாய், பகல் 2.10)
நீங்கள் மூடி வைப்பீர்கள் அண்ணே. அவசரத்தில் இருக்கிற பையன் வைப்பானா? அதோடு ஈயக்கோல் சொன்ன ஈஎஸ்பி32 மாதிரி நெருக்கமான கால்களுக்கு வீட்டில் செம்பை அரித்தெடுப்பது ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக வராது. அது கிடக்கட்டும். செல்வன், நீங்கள் எங்கே போனீர்கள்?

சிப்புட்_செல்வன் (செவ்வாய், இரவு 10.20)
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஈஎஸ்பி32 ரூம்-32 மாட்யூல். சப்ளை 1 ஆம்பியர், 3.3 வோல்ட் அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஈஎன் காலில் நீங்கள் சொன்ன இரண்டும் இருக்கின்றன. லோட்செல்லும் (எடையை உணரும் பாகம்) எச்எக்ஸ்711 உம் (அதன் அளவைப் படிக்கும் சிப்) பிரெட்போர்டில் இருந்தவைதான். கம்ப்யூட்டருக்குக் கருவி தெரிகிறது, ஆனால் 'ஃபிளாஷ் ரீட் எரர்' (புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தைப் படிக்க முடியவில்லை) என்று வந்து திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது. மெமரி கார்டு மட்டும் புதிதாகச் சேர்த்தேன், எடைகளைப் பதிந்து வைக்க.

தைப்பிங்_தேவி (செவ்வாய், இரவு 10.34)
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்! கார்டின் டேட்டா அவுட் எந்தப் பின்னில்? அதில் புல்-அப் ரெசிஸ்டர் (பின்னை 3.3 வோல்ட் பக்கம் இழுத்து வைப்பது) வைத்தீர்களா?

சிப்புட்_செல்வன் (செவ்வாய், இரவு 10.41)
12. ஆமாம், 10 கிலோ ஓம். வயரிங் வசதியாக இருந்தது.

தைப்பிங்_தேவி (செவ்வாய், இரவு 11.05)
அதுதான். கரண்ட் வரும் நொடியில் சிப் 12 ஆம் பின்னைப் பார்த்துத்தான் ஃபிளாஷுக்கு எத்தனை வோல்ட் தருவது என்று முடிவு செய்யும். அது ஹையாக, அதாவது உங்கள் புல்-அப் இழுத்து வைத்த மாதிரி இருந்தால் 1.8 வோல்ட் தரும். உங்கள் மாட்யூலில் இருப்பது 3.3 வோல்ட் ஃபிளாஷ், அதனால் படிக்க முடியாமல் ரீசெட் ஆகிறது. புல்-அப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். புதுப் போர்டு வேண்டாம்!
வேகம் பற்றிக் கேட்டீர்களே. எனக்கும் இப்படி இரண்டு போர்டு போயிற்று, அதனால் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே போர்டில் போடாதீர்கள். கார்டு, லோட்செல், ரேடியோ ஆகிய மூன்றையும் முதலில் ஆயத்த மாட்யூல்களாக வாங்கி வயரில் இணைத்து ஓட்டுங்கள். போர்டுக்கும் அதே பின்கள்தான், ஒரு பின் மாறினாலும் திரும்பச் சோதியுங்கள். சந்தேகமான இணைப்பில் ஒரு ஜீரோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள், தவறினால் அதை எடுத்துவிட்டு வயர் இழுக்கலாம். அனுப்பும் முன் போர்டைத் தாளில் அசல் அளவில் அச்செடுத்து, கனெக்டர்களை அதன் மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் முதல் போர்டு அப்போதே பிடிபட்டிருக்கும். போர்டு வரும் வரை கெட்டி அட்டையில் பெட்டி செய்து கைவண்டியில் கட்டி, அப்பாவிடம் தள்ளச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே சேறு ஏறுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

ஈயக்கோல் (புதன், காலை 7.20)
ரெசிஸ்டரையும் கழற்ற வேண்டாம். சிப்புக்குள் அமைப்புகளைப் பதியும் ஈ-ஃப்யூஸில் ஃபிளாஷ் வோல்ட்டை 3.3 என்று எழுதிவிட்டால் 12 ஆம் பின்னைச் சிப் கண்டுகொள்ளாது. ஒரு கட்டளைதான்.

தைப்பிங்_தேவி (புதன், காலை 7.45)
அது ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான், அழிக்க முடியாது. மாட்யூல் எது என்று உறுதியாகத் தெரியாமல் தொட வேண்டாம். சில மாட்யூல்கள் 1.8 வோல்ட்டில்தான் ஓடும். ரெசிஸ்டரைக் கழற்றுவதற்கு இரண்டு நிமிடம்.

ஈயக்கோல் (புதன், காலை 8.00)
அவர் மாட்யூல் ரூம்-32 என்று எழுதியிருக்கிறாரே. ஆனாலும் எழுதும் முன் சரிபார்க்க வேண்டும் என்பது சரிதான். 12 ஆம் பின்னை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கூலிம்_வயர்மேன் (புதன், இரவு 9.10)
தம்பி, என்ன ஆயிற்று?

சிப்புட்_செல்வன் (வெள்ளி, இரவு 12.15)
கழற்றினேன். ஓடுகிறது! கார்டும் எழுதுகிறது, சிப் எழுந்த பிறகு புல்-அப்பை மென்பொருளில் போட்டேன். அடுத்த போர்டில் கார்டுக்கு 19 ஆம் பின். தேவி அக்கா, ரொம்ப நன்றி. அட்டைப் பெட்டியை அப்பாவிடம் காட்டினேன், கைப்பிடிப் பக்கம் வைத்தால் முழங்கால் இடிக்கும் என்றார். வண்டி ஓடும்போது எடை குதிக்கிறது, அதை ஞாயிறு பார்க்கிறேன்.

பழைய_ஃபிட்டர் (வெள்ளி, காலை 9.30)
எச்எக்ஸ்711 நொடிக்கு 10 அளவு எடுக்கிறதா, 80 ஆ? வண்டி நின்ற பிறகு எடுத்துப் பார்த்தாயா?

கூலிம்_வயர்மேன் (திங்கள், இரவு 8.40)
செல்வன், ஞாயிறு பார்த்தீர்களா?