டாம்கேட் 9: வெளி டைரக்டரியில் ஃபைல் எழுத மறுக்கிறது, ஓனர் பெர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும்

கேள்வி

வணக்கம் நண்பர்களே. பள்ளி நிர்வாக அப்ளிகேஷன் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர் புகைப்படம், மாற்றுச் சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் வெப் ஆப்புக்கு வெளியே, /எஸ்ஆர்வி/அப்லோட்ஸ் டைரக்டரியில் சேமிக்கிறோம். உள்ளேயே வைத்தால் புது வார் ஃபைல் (ஆப்பை மொத்தமாகக் கட்டிய பேக்கேஜ்) டிப்ளாய் ஆகும்போது பழைய ஃபோல்டரோடு படங்களும் போய்விடும், அதனால்தான் இந்த ஏற்பாடு.

உபுண்டு 18.04இல் டாம்கேட் 8 (ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர்) வைத்து ஓடியவரை தொந்தரவு இல்லை. இப்போது 22.04, டாம்கேட் 9. இரண்டும் ஏபிடி (உபுண்டுவின் பேக்கேஜ் இன்ஸ்டாலர்) வழியாகப் போட்டதுதான். பழைய படங்கள் பிரவுசரில் நன்றாகத் தெரிகின்றன. புதிதாக அப்லோட் செய்தால் மட்டும் லாகில் ஃபைல்சிஸ்டம் எக்செப்ஷன், பக்கத்திலேயே "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்". டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கிறது. அட்மிஷன் நேரம், அலுவலகத்தில் பெற்றோர் காத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

முதலில் ஓனரைப் பாருங்கள். டாம்கேட் 8 பேக்கேஜ் ஓடியது 'டாம்கேட்8' என்ற யூசரில். 9இல் யூசர் பெயர் வெறும் 'டாம்கேட்'. பழைய சர்வரிலிருந்து அப்படியே காப்பி செய்திருந்தால் ஓனர் பொருந்தாது.

கேட்டவர்

அதை மாற்றிவிட்டேன் சார். ஓனர், குரூப் இரண்டும் டாம்கேட், பெர்மிஷன் 750. குழப்பம் என்னவென்றால், சுடோ வழியாக டாம்கேட் யூசராகவே அந்த டைரக்டரியில் டச் கமாண்ட் போட்டால் ஃபைல் உருவாகிறது. அப்ளிகேஷன் எழுதினால் மட்டும் முடியவில்லை. 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்துப் பார்க்கலாமா?

பதில் 2

777 வேண்டாம். பெர்மிஷன் பிரச்சினையாக இருந்தால் ஜாவா 'ஆக்ஸஸ் டினைடு எக்செப்ஷன்' என்று எறிந்திருக்கும். உங்களுக்கு வருவது 'ரீட்-ஒன்லி'. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

டெபியன், உபுண்டுவின் டாம்கேட் 9 பேக்கேஜ் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) சர்வீஸாக வருகிறது. 'சிஸ்டம்சிடிஎல் கேட் டாம்கேட்9' என்று அடித்துப் பாருங்கள். செக்யூரிட்டி பகுதியில் 'ப்ரொடெக்ட்சிஸ்டம்=ஸ்ட்ரிக்ட்' என்று ஒரு வரி இருக்கும். அந்த சர்வீஸின் கண்ணுக்கு மொத்த ஃபைல் சிஸ்டமும் படிக்க மட்டுமே என்று ஆக்குவது அந்த வரிதான். அதற்குக் கீழே 'ரீட்ரைட்பாத்ஸ்' வரிகளில் வெப்ஆப்ஸ், லாக், /இடிசி/டாம்கேட்9/கேட்டலினா ஆகிய டைரக்டரிகளுக்கு மட்டும் எழுதும் உரிமை. உங்கள் அப்லோட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் சுடோவில் சோதித்தது இந்த வேலிக்கு வெளியே நின்று, அதனால்தான் வேலை செய்தது. பழைய படங்கள் தெரிவதற்கும் இதுவே காரணம், படிக்கத் தடையில்லை.

சர்வீஸ் ஃபைலை நேரடியாகத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும். 'சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்9' கொடுங்கள், ஓவர்ரைடு ஃபைல் (உங்கள் மாற்றங்கள் மட்டும் இருக்கும் தனி ஃபைல்) திறக்கும், அதிலுள்ள கமென்ட் குறிப்புகள் காட்டும் இடத்தில் எழுதுங்கள். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் சர்வீஸ், அடுத்த வரியில் ரீட்ரைட்பாத்ஸ்=/எஸ்ஆர்வி/அப்லோட்ஸ். சேமித்து டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் எழுதும் பாதை ஏற்கெனவே உள்ளவற்றோடு சேரும், அவற்றை அழிக்காது.

ஒரு எச்சரிக்கை. சர்வீஸ் கிளம்பும் நேரத்தில் அந்த டைரக்டரி இல்லாவிட்டால் டாம்கேட்டே எழாது, ஸ்டேட்டஸில் 226 என்ற எண்ணும் நேம்ஸ்பேஸ் என்ற சொல்லும் காட்டும். தனி டிஸ்க்கை மவுண்ட் செய்து வைத்திருப்பவர்கள் பாதைக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி போட்டால், இல்லாத டைரக்டரியைப் பொருட்படுத்தாமல் கிளம்பும்.

ஸ்ட்ரிக்ட் வரியையே தூக்கிவிடு என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்ளிகேஷனில் ஓட்டை விழும் நாளில் உங்கள் சர்வரைக் காப்பாற்றப்போவது அந்த வரிதான்.

கேட்டவர்

எழுதுகிறது! மிக்க நன்றி சார். காலையிலிருந்து முட்டிக்கொண்டிருந்தது இதில்தான்.

பதில் 3

பிரச்சினை தீர்ந்தது நல்லது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் படங்களை பிரவுசருக்கு எப்படிக் காட்டுகிறீர்கள்?

கேட்டவர்

கேட்டலினா/லோக்கல்ஹோஸ்ட் டைரக்டரியில் அப்லோட்ஸ்.எக்ஸ்எம்எல் என்று ஒரு ஃபைல். உள்ளே கான்டெக்ஸ்ட் டேக் (ஒரு வெப் ஆப்பை டாம்கேட்டுக்கு அறிவிப்பது), டாக்பேஸ் (அதன் ஃபைல்கள் இருக்கும் இடம்) மதிப்பு /எஸ்ஆர்வி/அப்லோட்ஸ். ஃபைல் பெயர் மாணவரின் சேர்க்கை எண்.

பதில் 3

இதைத்தான் பயந்தேன். உடனே கவனியுங்கள்.

எக்ஸ்எம்எல் ஃபைலின் பெயரே முகவரிப் பாதையாகிறது, அது தனி வெப் ஆப்பாக ஓடுகிறது. உங்கள் அப்ளிகேஷனின் லாகின் ஃபில்டரும் செஷனும் அங்கே எட்டாது. லாகின் செய்யாத ஒருவர் முகவரியில் சேர்க்கை எண்ணை ஒன்று கூட்டினால் அடுத்த பிள்ளையின் சான்றிதழ் திறந்துவிடும். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. இன்காக்னிட்டோ விண்டோவில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதைவிட ஆபத்து. டாம்கேட்டின் பொது வெப்.எக்ஸ்எம்எல்லில் ஜேஎஸ்பி சர்வ்லெட் (ஜேஎஸ்பி பக்கத்தில் உள்ள ஜாவா கோடை ஓட்டும் பகுதி) எல்லா கான்டெக்ஸ்டுக்கும் சேர்த்தே மேப் ஆகியிருக்கிறது. யாராவது .ஜேஎஸ்பி என்று முடியும் ஃபைலை அப்லோட் செய்துவிட்டு அதே முகவரியைத் திறந்தால் டாம்கேட் அதைக் காட்டாது, ஓட்டும். சர்வர் அவர் கைக்குப் போய்விடும்.

டாம்கேட் 8 முதல், கான்டெக்ஸ்டுக்குள் ரிசோர்சஸ் டேக் போட்டு போஸ்ட்ரிசோர்சஸ் வழியாக வெளி டைரக்டரியை உங்கள் ஆப்புக்குள்ளேயே ஒட்டலாம், அப்போது ஃபில்டர் வேலை செய்யும். பள்ளி லோகோ, கேலரி படங்களுக்கு அது போதும். ஆனால் ஜேஎஸ்பி ஆபத்து அங்கேயும் அப்படியே இருக்கிறது. சான்றிதழுக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சான்றிதழுக்கு ஒரு சின்ன சர்வ்லெட் (பிரவுசர் கேட்பதற்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) எழுதுங்கள். லாகினையும், இந்த மாணவரைப் பார்க்க இவருக்கு உரிமை உண்டா என்பதையும் அது சோதிக்கட்டும். ஃபைல் பெயரைப் பயனரிடமிருந்து வாங்காமல் யூயூஐடி (ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியான நீண்ட அடையாள எண்) ஒன்றை உருவாக்கி டேட்டாபேஸில் வையுங்கள். பாதையை ரிசால்வ், நார்மலைஸ் செய்தபின் (இரட்டைப் புள்ளி போன்றவற்றை நீக்கி முழுப் பாதையாக்கியபின்) அது அப்லோட்ஸ் டைரக்டரியில்தான் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு, ஃபைல்ஸ்.காப்பி கொண்டு அவுட்புட்டில் அனுப்புங்கள். கன்டென்ட் டைப்பை நீங்களே நிர்ணயியுங்கள்.

கேட்டவர்

இன்காக்னிட்டோவில் திறந்தேன், சான்றிதழ் அப்படியே வந்துவிட்டது. அப்லோட்ஸ்.எக்ஸ்எம்எல்லை இப்போதே எடுத்துவிட்டேன். சர்வ்லெட் முடியும்வரை படங்கள் தெரியாது, அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். பழைய ஃபைல்களுக்கும் பெயர் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில் 3

சர்வ்லெட் மட்டுமே வாசல் என்றால் பழைய பெயர்கள் இருக்கட்டும், அவசரமில்லை. அதற்கு முன், இத்தனை நாளும் யாராவது வரிசையாகத் திறந்து பார்த்தார்களா என்று ஆக்ஸஸ் லாகில் அப்லோட்ஸ் பாதையைத் தேடுங்கள். ஒரே ஐபியிலிருந்து அடுத்தடுத்த எண்கள் வந்திருந்தால் பள்ளி நிர்வாகத்திடம் இன்றே சொல்லிவிடுங்கள்.