பழைய நீராவி என்ஜினைப் பக்கத்துல பார்த்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஓசூர்வாசி:
பிரிட்டன்ல, வேல்ஸ்ல இருக்கிற வெல்ஷ்பூல்–லான்ஃபேர் ரயில் லைன். 1956ல மூடினதை 1963ல தன்னார்வலர்கள் மறுபடி திறந்தாங்களே, அதுதான். வேலைக்காக அந்தப் பக்கம் போனப்ப விடியக்காலையில ஷெட்டுக்குள்ள விட்டாங்க. 1902ல செஞ்ச என்ஜின். ஒரு பெரியவர் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி, ஷவல்ல வெச்சு ஃபயர்பாக்ஸுக்குள்ள, அதான் தீ எரியற அறைக்குள்ள, தள்ளினார். அதுக்கப்புறம் மணிக்கணக்கா காத்திருப்புதான். சில்லுனு கிடக்கிற பாய்லரை அவசரமா சூடாக்கினா தகடு சமமா விரியாது, ட்யூப் மூட்டுல கசியும்னார். "எங்க ஊர்லயும் தண்டவாள இடைவெளி இதே இரண்டரை அடிதான். 1906ல மொரப்பூர்–தருமபுரி, 1913ல ஓசூர் வரைக்கும்"னு பெருமையா சொன்னேன். கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்: "அதுல ஒரு என்ஜினாவது வெச்சிருக்கீங்களா?"

ரெண்டாம் உலகப் போர் சமயத்துல தண்டவாளத்தையே பிடுங்கிட்டாங்கன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடல.

மொரப்பூரான்:
எங்கப்பா ஜோலார்பேட்டை என்ஜின் ஷெட்ல ஃபயர்மேன், என்ஜின்ல கரி அள்ளிப் போட்டு தீயைப் பார்த்துக்கிற வேலை. ரிட்டயர் ஆனப்புறம் ஒரு ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தி வெச்சிருந்த என்ஜினைக் காட்டக் கூட்டிட்டுப் போனேன். பளபளன்னு கறுப்பு பெயின்ட். படியேறி நேரா ஃபயர்பாக்ஸ் கதவுல கை வெச்சார். வெல்டிங் அடிச்சிருந்தாங்க. தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக்குழாய் இருந்த இடத்துல வெறும் ஓட்டை. போட்டோவுக்கு நிக்கச் சொன்னேன், நிக்கல. "பொணத்துக்குப் பொட்டு வெச்சிருக்கானுங்க"ன்னு இறங்கிட்டார். தீ மூட்டி ஓட்டணும், இல்லன்னா அது பாதுகாப்பே இல்ல.

கிருஷ்ணகிரி கலா:
மொரப்பூர் அண்ணா, அப்பா மேல மரியாதை உண்டு, ஆனா இதை ஒத்துக்க மாட்டேன். பெயின்ட் அடிச்சு நிக்கிற என்ஜின் பழைய இரும்புக்குப் போகாம தப்பிச்சிருக்கு. இங்கிலாந்துல கூட அப்படித்தானே, யார்டுல துருப்பிடிச்சுக் கிடந்ததைத்தான் பின்னாடி தன்னார்வலர்கள் மீட்டாங்க? உடைச்சுட்டா எதை மீட்கிறது?

எங்களுது மாவட்டத் தலைநகர், ஊருக்குள்ள ரயிலே கிடையாது. என் பொண்ணு முதல்முதலா நீராவியைப் பார்த்தது மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில்ல. ஹில்குரோவ்ல தண்ணி பிடிக்க நின்னப்ப, பின்னாடியிருந்து தள்ளிட்டு வந்த என்ஜின் புஸ்ஸுன்னு நீராவி விட்டுச்சு. பயந்து என் முந்தானைக்குள்ள போனவ, "அம்மா, இது மூச்சு விடுது"ன்னா. அதை ஓட்டுறது சம்பளம் வாங்குற ரயில்வேக்காரங்க. பொன்மலை ரயில் பணிமனையில அதுக்குப் புதுசாவே நீராவி என்ஜின் கட்டியிருக்காங்க. தன்னார்வலர் வந்தாதான் ஆகும்னு இல்ல.

பாலக்கோடு பாய்லர்:
குன்னூர் என்ஜினை நானும் பார்த்தேன், சீட்டி சத்தத்துல உடம்பு சிலிர்த்துடுச்சு. நான் சர்க்கரை ஆலை பாய்லர்ல இருந்தவன். யாராவது பழைய என்ஜினை எடுத்தா ஒண்ணு சொல்றேன். நம்ம பக்கத்து போர் தண்ணியை அப்படியே ஊத்தாதீங்க, உப்புப் படிஞ்சு ட்யூப் அடைச்சுக்கும். சுத்திகரிச்ச தண்ணி, ஒழுங்கா வாஷ்-அவுட் (பாய்லர் உள்ளே கழுவி விடுறது), ரெண்டும் வேணும். தீ மூட்டுறதுக்கு முன்னாடி பச்சைத் தண்ணியில பிரஷர் டெஸ்ட் பண்ணியே ஆகணும். ஃபயர்பாக்ஸ் மேல்தகட்டுல இருக்கிற ஈய பிளக்கைக் கழட்டிப் பாருங்க. தண்ணி குறைஞ்சா அதுதான் உருகி ஆபத்தைச் சொல்லும். சாம்பலை அன்னன்னிக்கே வழிச்சிடணும், ஈரம் பட்டா தகட்டை அரிச்சிடும். ரொம்ப நாள் நிறுத்தறதா இருந்தா தண்ணியை முழுசா வடிச்சு உள்ளே காய வைங்க. முக்காவாசி பாய்லர் ஓடிக் கெடல, நின்னுதான் கெட்டுச்சு.

கிருஷ்ணகிரி கலா:
ஐயா, எழுதினதெல்லாம் பொன்னான விஷயம், ஆனா எடுக்கிறதுக்கு இங்க என்ஜினே இல்லையே. இருக்கிறது ஆள்தான். தீயைப் பார்த்தே பிரஷர் சொல்ற மொரப்பூர் அப்பா மாதிரி ஃபயர்மேன்கள் எத்தனை பேர் மிச்சம்? அண்ணா, ஞாயித்துக்கிழமை வந்து அவர் பேசறதை வீடியோ எடுத்துக்கட்டுமா?

மொரப்பூரான்:
தாராளமா வாம்மா. காலையிலேயே வந்துடு, சாப்பிட்டா தூங்கிடுவார். பொண்ணையும் கூட்டிட்டு வா.