மாதம் பாதி நாள் வெளிநாட்டில்: அமெரிக்கக் குடியுரிமைக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?

கேள்வி (டாலஸ்வாசி)

வணக்கம். கிரீன் கார்டு கிடைத்தது 2021 ஆகஸ்ட் 14. அமெரிக்க நிறுவனத்தில் விற்பனைப் பிரிவு. சிங்கப்பூர், பெங்களூரு, ஃபிராங்ஃபர்ட் என்று மாதா மாதம் பயணம். குடியுரிமைக்கு வேண்டிய 5 வருடம் முடியும்போது மொத்தம் 63 பயணம் ஆகிவிடும். கிளம்பிய நாள், திரும்பிய நாள் இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் 905 நாள் வெளியே. 1826 நாளில் 913 நாள் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பதால் 8 நாள்தான் கைவசம் இருக்கிறது.

அந்த 63-இல் ஒன்று நீளமானது: 2022 நவம்பர் 20 முதல் 2023 ஜூன் 5 வரை. மனைவியும் பிள்ளைகளும் டாலஸிலேயே இருந்தார்கள், சம்பளமும் இங்கேதான்.

90 நாள் முன்கூட்டியே, அதாவது 2026 மே 16 அன்றே, என்-400 (குடியுரிமை விண்ணப்பப் படிவம்) போடலாமா? அந்த நீண்ட பயணம் சிக்கலாகுமா? இதற்கு நடுவில் நிறுவனம் 14 மாதம் சிங்கப்பூரில் போய் இருக்கச் சொல்கிறது. ரீ-என்ட்ரி பெர்மிட் (மறுநுழைவு அனுமதி) வாங்கிக்கொண்டால் போதுமா?

பதில் (நாட்கணக்கு)

முதலில் உங்கள் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் அமெரிக்காவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். 3-ஆம் தேதி கிளம்பி 18-ஆம் தேதி திரும்பினால் வெளியே இருந்தது 4 முதல் 17 வரை, 14 நாள்தான். நீங்கள் பயணத்துக்கு இரண்டு நாள் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். 63 பயணத்துக்கு 126 நாள். 905 போய் 779 ஆகிறது. உள்ளே இருந்தது 1047 நாள். 8 நாள் என்று பயந்த இடத்தில் 134 நாள் மிச்சம் இருக்கிறது.

90 நாள் சலுகையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது 5 வருடத் தொடர் குடியிருப்புக்கு, அதாவது அமெரிக்காவையே வசிப்பிடமாக வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு மட்டுமே. 913 நாள் என்பது விண்ணப்பம் போடும் அன்றே முடிந்திருக்க வேண்டும். விளிம்பில் இருப்பவர்கள் 90 நாள் முன்னால் போட்டால் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். கட்டணம் இணையத்தில் 710 டாலர், காகிதத்தில் 760. நிராகரித்தால் அது திரும்பி வராது. மே 16-க்கு ஒருமுறை, ஆகஸ்ட் 14-க்கு ஒருமுறை என்று தனித்தனியாக எண்ணிப் பாருங்கள்.

பயணப் பட்டியலுக்கு பாஸ்போர்ட் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் 10-ஆம் தேதி இரவு ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது 12-ஆம் தேதி காலை. படிவத்தில் எழுத வேண்டியது 10. அமெரிக்கா வெளியேறும்போது முத்திரையே குத்தாது, சிங்கப்பூரும் இப்போது குத்துவதில்லை. அதனால் விமான டிக்கெட் மின்னஞ்சல்களையும் நிறுவனத்தின் பயணச் செலவுக் கணக்கையும் எடுத்து, கிளம்பிய தேதி, திரும்பிய தேதி, நாடு, முழு நாட்கள் என்று எக்செலில் போடுங்கள். இடைவெளி இருந்தால் அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறையிடம் (சி.பி.பி.) அந்நாட்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் நுழைவுப் பதிவுகளைக் கேட்கலாம். 24 மணி நேரத்துக்குக் குறைவான பயணங்களைப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை. ஓரிரு தேதி பிசகினால் நேர்காணலில் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். ஒரு பயணத்தை முழுசாக விட்டுவிடுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

பதில் (நியூஜெர்சி மாமா)

நாட்கணக்கு வேறு, தொடர் குடியிருப்பு வேறு தம்பி. முதலாவதில் நீங்க பாஸ். சிக்கல் இரண்டாவதில்தான். ஒரே பயணம் 6 மாதத்தைத் தாண்டினா, தொடர்ச்சி அறுந்துபோச்சுன்னு சட்டமே ஊகிச்சுக்கும். உங்களுடையது 196 நாள், தாண்டிடுச்சு. ஆனா அது ஊகம்தான், ஆதாரம் காட்டி உடைக்கலாம். ஒரு வருஷமோ அதுக்கு மேலேயோ ஆகியிருந்தா இந்த வழி கிடையாது.

அதிகாரி பார்க்கறது நாலு விஷயம்: இங்க வேலையை விட்டீங்களா, வெளிநாட்டுல வேலைக்குச் சேர்ந்தீங்களா, குடும்பம் எங்க இருந்தது, வீடு உங்க கையிலயே இருந்ததா. நவம்பர் முதல் ஜூன் வரைக்கும் மாசம் விடாம சம்பளச் சீட்டு, வீட்டுக்கடன் அல்லது வாடகை ரசீது, மின்சார பில், பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல வாங்கின கடிதம், ஐ.ஆர்.எஸ்.-இலிருந்து (அமெரிக்க வரித்துறை) வரி டிரான்ஸ்கிரிப்ட், எல்லாத்தையும் ஒரே ஃபைலா கட்டுங்க. கேட்டா எடுத்து நீட்டணும்.

வரிக் கணக்கை இன்னிக்கே எடுத்துப் பாருங்க. 1040-என்.ஆர். (இங்க வசிக்காதவங்க போடற வரிப் படிவம்) போட்டு "நான் இங்கே வசிப்பவன் அல்ல"ன்னு சொல்லியிருந்தா கிரீன் கார்டுக்கே ஆபத்து. படிவம் 2555-இல் வெளிநாட்டுல நிலையா வசிச்சதா எழுதி வரி விலக்கு வாங்கியிருந்தாலும் கேள்வி வரும். அந்த ஆறரை மாசம் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாலும் அப்படித்தான்.

ஆதாரம் பலமா இல்லேன்னா காத்திருக்கறதே மேல். திரும்பி வந்த நாளிலிருந்து 4 வருஷம் 6 மாசம் ஒரு நாள், அதாவது 2027 டிசம்பர் 6. அன்னிக்குப் போட்டா, விண்ணப்பத்துக்கு முந்தைய 5 வருஷ ஜன்னலுக்குள்ள அந்தப் பயணத்துல 6 மாசத்துக்கும் குறைவான துண்டுதான் விழும், ஊகம் எழாது. ஆனா அந்தத் தேதிக்கு 913-ஐ மறுபடி எண்ணணும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வீடு எங்கள் வசமே இருந்தது, வரியும் இங்கே வசிப்பவர்கள் போடும் சாதாரண 1040 படிவம்தான். சிங்கப்பூர் விஷயம் மட்டும் புரியவில்லை. அமெரிக்க நிறுவனத்துக்காகப் போனால் என்-470 படிவம் போட்டுத் தொடர் குடியிருப்பைக் காப்பாற்றலாம் என்கிறார்களே?

பதில் (நாட்கணக்கு)

உங்களுக்கு அது கிடைப்பது கடினம். கிரீன் கார்டு வாங்கிய பிறகு முழுசாக ஒரு வருடம், ஒரு நாள்கூட வெளியே போகாமல், அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும் என்பது என்-470-இன் நிபந்தனை. மாதா மாதம் பறப்பவருக்கு அப்படி ஒரு வருடம் எங்கே இருக்கும்? கிடைத்தாலும், தனியார் நிறுவன ஊழியருக்கு அது தொடர்ச்சியைக் காக்குமே தவிர 913 நாளைத் தள்ளுபடி செய்யாது.

ரீ-என்ட்ரி பெர்மிட் காப்பாற்றுவது கிரீன் கார்டை மட்டுமே. 14 மாதம் தொடர்ந்து வெளியே இருந்தால் பெர்மிட் கையில் இருந்தும் தொடர்ச்சி அறுந்துவிடும். 5 மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு வாரம் தங்கிப் போவதும் கெட்டி வழி இல்லை. குடும்பமே சிங்கப்பூரில் இருக்கிறது என்றால், எங்கே வசிக்கிறீர்கள் என்பதற்கு அதுவே பதிலாகிவிடும். விண்ணப்பம் போட்ட பிறகும் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாள்வரை தொடர் குடியிருப்பு வேண்டும். ஆகவே நிறுவனத்திடம் பேசி, உறுதிமொழிக்குப் பிறகு போகிறேன் என்று தள்ளிப்போடுங்கள்.

பதில் (கோவைக்காரி, ஹூஸ்டன்)

உறுதிமொழி நாளை ஒட்டி எந்தப் பயணமும் வைக்காதீர்கள். அன்று கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள், கையில் இருப்பது குடியுரிமைச் சான்றிதழ் ஒன்றுதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு அந்த மூலச் சான்றிதழையும் அனுப்ப வேண்டும். அதற்கு முன் பல பிரதிகள் எடுத்து வையுங்கள்.

இந்தியக் குடியுரிமை அந்த நிமிடமே தானாகப் போய்விடும். இந்தியப் பாஸ்போர்ட்டில் விசா மிச்சம் இருக்கிறது என்று அதில் பயணம் செய்யக் கூடாது. ஓ.சி.ஐ. அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) முதலில் பழைய பாஸ்போர்ட்டைச் சரண் செய்த சான்று வேண்டும், அதற்கு நேரமாகும். பெங்களூரு கூட்டம் அதற்குள் வந்துவிட்டால், புதிய அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் வணிக இ-விசா எடுத்துப் போய்வரலாம்.