தான் இயோக் நீ வீட்டு அஞ்சல்தலை: எந்தத் தொகுதி?

நண்பர்களே, வணக்கம். பழைய வணிகர் வீடுகளை வைத்து ஒரு ஆல்பம் சேர்க்கிறேன். செட்டிநாட்டு வீடுகளில் தொடங்கியது, எங்கெங்கோ போய்விட்டது! இப்போது கையில் சிங்கப்பூரின் 'தான் இயோக் நீ' வீடு படம் போட்ட அஞ்சல்தலை.

மிளகு, கம்பீர் (தோல் பதனிடவும் சாயத்துக்கும் உதவும் செடிச்சாறு) வியாபாரத்தில் பணம் சேர்த்த தியோச்சூ (தென்சீன வட்டாரச் சமூகம்) வணிகர் 'தான் இயோக் நீ' 1880களில் கட்டிய வீடு. தியோச்சூ செல்வந்தர்களின் நான்கு பெரிய மாளிகைகளில் மிஞ்சியது இது ஒன்றுதான். அப்புறம் ரயில்வே எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டரைக் குடிவைத்தது. பெண்கள் விடுதி, சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் அலுவலகம் எல்லாம் பார்த்து, 1974இல் தேசிய நினைவுச்சின்னமானது. வீட்டுக்கும் ஒரு ஜாதகம் உண்டு போல.

சிக்கல் இதுதான்: முத்திரை மை சரியாக விலை மேலேயே விழுந்திருக்கிறது. கூரையின் வளைந்த முகடு மட்டும் பளிச்சென்று இருக்கிறது. எந்த ஆண்டு, எந்தத் தொகுதி, கூட வந்த அஞ்சல்தலைகள் எவை? கேட்லாக் வைத்திருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அஞ்சல்தலை இன்னும் உறைத்துண்டில்தான் ஒட்டியிருக்கிறது. உறை சிவப்புத் தாள், சாயம் இறங்குமோ என்று, பிரித்தெடுக்கத் தண்ணீரில் போடப் பயம். இப்படியே வைக்கலாமா? முதல் நாள் உறை (வெளியீட்டு நாள் முத்திரையோடு வரும் உறை) யாரிடமாவது இருந்தால் படம் போடுங்கள், விலைக்கும் வாங்கிக்கொள்கிறேன்.