ஐந்து பருவங்களில் பட்டம்: ஓட்டப் பயிற்சியோடு இது கூடுமா?

மேலூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மதுரையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.காம். முதலாம் ஆண்டு, இரண்டாம் பருவத்தில் படிக்கிறாள். 800 மீட்டர் ஓடுபவள். விடிவதற்கு முன்பே மேலூரில் பேருந்து ஏறி, ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சியை முடித்துக்கொண்டு, அங்கிருந்தே கல்லூரிக்குப் போய்விடுகிறாள். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி லேடி டோக் கல்லூரியில் படித்து, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போனதைச் சொல்லியே எங்கள் வாயை அடைத்துவிடுவாள்.

இப்போது புதிதாக ஒரு யோசனை. அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடுபவர்கள் நான்காண்டுப் படிப்பை மூன்றரை ஆண்டிலும், சிலர் மூன்றே ஆண்டிலும் முடித்துவிடுவதாக எங்கோ படித்திருக்கிறாள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும் அப்படி ஒரு வழியைத் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டதிலிருந்து, ஐந்து பருவங்களில் பட்டத்தை வாங்கிவிட்டு, மிச்சமாகும் அரையாண்டை முழுக்கப் பயிற்சிக்கே ஒதுக்கப் போவதாகச் சொல்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் பெண் என்பதால், தடுக்கவும் மனம் வரவில்லை, சரி என்று தலையாட்டவும் துணிவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்:

தம்பி, வழி இருப்பது உண்மைதான். மூன்றாண்டு இளநிலைப் படிப்பை ஒரு பருவம் முன்னதாக முடிக்கும் திட்டத்தை யு.ஜி.சி. 2024ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தது. முதல் பருவத்தின் முடிவிலோ இரண்டாம் பருவத்தின் முடிவிலோதான் இதற்கு விண்ணப்பிக்க முடியும். மாணவரின் திறனை ஒரு குழு ஆராய்ந்த பிறகே இடம் கிடைக்கும். மொத்த இடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகாது. இந்தத் திட்டத்துக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாட்டு அரசு ஏற்காத நிலையில், இது எல்லாக் கல்லூரிகளுக்கும் தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். உங்கள் தங்கையின் கல்லூரி இதை ஏற்றிருக்கிறதா என்பதை முதல்வர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் கல்லூரி ஏற்றிருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் நெடுங்கால விதிப்படி, முதல்நிலைப் பிரிவுக் (டிவிஷன் 1) கல்லூரி ஒன்றில் சேர்ந்த வீரர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுப் போட்டிகளில் ஆடலாம். பட்டம் முன்னதாகக் கிடைத்துவிட்டால், அடுத்த பருவத்திலேயே முதுகலையில் சேர்ந்து, மிச்சமிருக்கும் ஆண்டை அதே அணியிலோ வேறொரு பல்கலைக்கழக அணியிலோ ஆடிக் கழிக்கலாம். கோடை விடுமுறையிலும் வளாகத்தில் தங்கிப் பயிற்சி செய்பவர்கள் அந்த மாதங்களிலேயே கோடைக்காலப் பாடங்களை எடுத்துவிடுவதால்தான் மூன்றாண்டுக் கணக்கு அவர்களுக்குக் கட்டுபடியாகிறது. படிப்பு முன்னதாக முடிந்தாலும் அவர்களுடைய விளையாட்டு அறுபடுவதில்லை.

நம் ஊரில் அறுபடும். பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளை நடத்தும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், 17 வயதிலிருந்து 25 வயது வரையுள்ள முழுநேர மாணவர்களையே களத்தில் இறக்குகிறது. கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கும் அந்தப் போட்டிகளின் வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் தங்கை ஐந்தாம் பருவத் தேர்வை நவம்பரில் எழுதி முடித்துவிட்டால், முதுகலைச் சேர்க்கை தொடங்கும் ஜூன் வரை எந்தக் கல்லூரியின் மாணவியும் அல்லள். பயிற்சிக்கு நேரம் நிறையக் கிடைக்கும். பல்கலைக்கழகச் சீருடை அணிந்து ஓடும் உரிமைதான் இராது. இருபது வயதில் ஒரு பருவத்தை இப்படி இழப்பது சிறிய இழப்பு அன்று.

தேர்வுப்பிரிவில் இருப்பவன்:

பெரியவர் சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னதாக முடிப்பவருக்குக் கிரெடிட்டில், அதாவது பாடச்சுமையை அளக்கும் அலகில், எந்தச் சலுகையும் கிடையாது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், பருவத்துக்கு 20 வரும். இரண்டு பருவங்கள் கழித்து விண்ணப்பிப்பவர் மிச்சமுள்ள 80 கிரெடிட்டை மூன்று பருவங்களில் எடுக்க வேண்டியிருப்பதால், பருவத்துக்கு ஏறத்தாழ 27 ஆகிவிடும். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு என்பது யு.ஜி.சி. கணக்கு, ஆக ஒவ்வொரு பருவத்திலும் ஏறத்தாழ நூறு மணி நேரம் கூடுதலாக வகுப்பில் உட்கார வேண்டும். அந்த நேரம் எங்கிருந்து வரும்? மாலைப் பயிற்சியிலிருந்தோ தூக்கத்திலிருந்தோதான் வரும். பின்னால் கிடைக்கப்போகும் அரையாண்டுக்காக, ஓட்டம் தேறிவரும் ஒன்றரை ஆண்டை அடகு வைப்பதாக முடியும்.

வருகைப்பதிவையும் மறக்க வேண்டாம். போட்டிக்குப் போகும் நாட்களுக்குத்தான் ஓ.டி. (வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) கொடுப்பார்கள், அன்றாடப் பயிற்சிக்குக் கொடுக்க மாட்டார்கள். 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்வதற்கான காண்டனேஷன் கட்டணம், அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாத நிலை என்று சிக்கல் வளரும். சுமை தாங்கவில்லை என்றால், அதே அறிவிப்பில் படிப்பை இரண்டு பருவங்கள் வரை நீட்டிக்கவும் இடம் இருக்கிறது. ஓடும் பிள்ளைக்கு உண்மையில் உதவக்கூடியது அதுதான் என்பது என் கருத்து. ஆனால் நம் வீடுகளில் நீட்டிப்பு என்றாலே அரியர் வைத்துவிட்டாள் என்று பேசுவார்கள்.

வைகைக்கரை:

நான் சற்று மாறுபடுகிறேன். மாவட்டத் தடகளச் சங்கத்தின் வழியாக மாநில ஓப்பன் போட்டிகளுக்குப் போக மாணவியாக இருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்காத, ஆனால் ஓட்ட நேரம் குறைந்து வேகம் கூடிவரும் ஒருத்திக்கு இந்த அரையாண்டு பயன்படலாம். உங்கள் தங்கையின் ஓட்ட நேரம் என்ன என்று தெரியாமல் யாரும் முடிவு சொல்ல முடியாது.

வேலையைப் பொறுத்தவரை, பட்டம் முன்னதாக வருவதைவிட அரியர் இல்லாமல் வருவதுதான் முக்கியம். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் நான்காம், ஐந்தாம் ஊதிய நிலைப் பணிகளுக்குப் பட்டம் கேட்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் இருந்தால் இரண்டாம், மூன்றாம் நிலைதான். தமிழ்நாட்டு அரசுப் பணியில் உள்ள மூன்று விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டிலும், பதக்கம் எந்தப் போட்டியில் வந்தது என்பதைத்தான் பார்ப்பார்களே தவிர, பட்டம் எத்தனை பருவங்களில் வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

மேலூர்க்காரன்:

அனைவருக்கும் நன்றி. அவள் இந்த ஆண்டு பல்கலைக்கழக அணியில் இருக்கிறாள். ஆகவே ஆறு பருவங்களும் படிப்பது என்று அவளே ஒருவாறு இறங்கி வந்திருக்கிறாள். போன பருவத்தில் போட்டி நாளன்று அகமதிப்பீட்டுத் தேர்வு வந்துவிட்டது. அதற்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்:

போட்டி அட்டவணை வந்த அன்றே அதன் நகலை இணைத்து, உடற்கல்வி இயக்குநரின் கையெழுத்தோடு துறைத்தலைவருக்கு விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள். போட்டி முடிந்து திரும்பிய பிறகு கேட்டால் இரக்கத்தை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் மறுதேர்வு வைத்துவிடுவார்கள். பங்கேற்புச் சான்றிதழையும் ஓ.டி. படிவத்தையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளட்டும். பருவ இறுதியில் வருகைப்பதிவு கணக்கிடும்போது அவை கட்டாயம் தேவைப்படும்.