பள்ளி மாணவர்களின் கல்லூரித் தேர்வை ரசிகர்கள் பின்தொடர்வது முறையா? (அமெரிக்கக் கால்பந்து ஆட்சேர்ப்பு)

கொலம்பஸ்காரன் எழுதியது:

ஒரு பள்ளி மாணவன் எந்தக் கல்லூரிக்கு விளையாடப் போவான் என்று வளர்ந்தவர்கள் மாதக்கணக்கில் கணித்துக்கொண்டிருப்பது முறையல்ல என்று வேறோர் இழையில் அட்லாண்டா ஆசிரியை எழுதியிருந்தார். அங்கே அது கிளைப் பேச்சாகிவிட்டதால் இதற்கென்று தனி இழையைத் தொடங்குகிறேன்.

தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.இன் அணிகளுக்கு ட்ராஃப்ட் இருக்கிறது; கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு அது. அதிகம் தோற்ற அணி முதலில் தேர்ந்தெடுக்கும். கல்லூரிக் கால்பந்தில் அப்படி எதுவும் கிடையாது. பயிற்சியாளர் மாணவனின் வீட்டுக்கே போய், அவனுடைய தாயிடமும் பாட்டியிடமும் பேசித்தான் அவனை அழைத்து வர வேண்டும். ஓர் அணியின் அடுத்த நான்கு ஆண்டுகள் அந்த வீடுகளில்தான் தீர்மானமாகின்றன என்பதால், செப்டம்பரில் ஆட்டம் தொடங்கிய பிறகு மட்டும் பார்ப்பவர் கதையின் பிற்பாதியை மட்டுமே பார்க்கிறார் என்பது என் கருத்து.

ஜெரமையா ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் நகரில் உள்ள சமினாட்-மடோனா பள்ளியில் அவர் பந்து பிடித்த காணொளிகளை நாங்கள் ஈராண்டுகளாகப் பார்த்து வந்தோம். 2023 டிசம்பர் 20 அன்று எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகமான ஒஹாயோ ஸ்டேட் என்று மேடையில் அறிவித்துவிட்டார். ஆனால் மயாமி பல்கலைக்கழகம் விடாமல் முயன்றுகொண்டிருந்ததால், கையெழுத்திட்ட தாள் வந்து சேரும் வரை எங்களுக்கு நிம்மதி இல்லை. பதின்மூன்று மாதங்கள் கழித்து, 2025 ஜனவரி 20 அன்று நோட்ர டேமுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், மூன்றாம் முயற்சியில் பதினோரு கெஜம் தேவைப்பட்டபோது, பந்து அவரிடம்தான் போனது. 56 கெஜம். ஆட்டம் 34-23 என்று முடிந்தது. அந்தப் பந்து அவரை நோக்கிப் பறந்தபோது எங்களுக்கு இருந்த நம்பிக்கை பள்ளிக் காலத்திலிருந்தே சேர்ந்து வந்தது. அதில் என்ன தவறு என்று ஆசிரியை அவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அட்லாண்டா ஆசிரியை எழுதியது:

ஆட்டத்தைப் பார்ப்பதை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் பள்ளி மைதானத்தில் நானும்தான் அமர்ந்திருக்கிறேன். என் மறுப்பு முழுவதும் அந்த மாணவன் எடுக்கும் முடிவின் மீது அந்நியர்கள் உரிமை கொண்டாடுவதைப் பற்றியது.

ஒரு கல்லூரிப் பயிற்சியாளர், மாணவனின் பதினோராம் வகுப்பு ஆண்டில் செப்டம்பர் 1 வரும் வரை அவனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. விதி வைத்திருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த அளவு பாதுகாப்பாவது வேண்டும் என்று விதியை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் தரவரிசைத் தளங்களுக்கோ சாதாரண ரசிகர்களுக்கோ நடைமுறையில் அப்படிப்பட்ட எல்லை எதுவும் இல்லை. ஒரு மாணவன் ஏதோ ஒரு கல்லூரியைப் பார்வையிட்டு, அதன் சீருடையில் எடுத்த படத்தைப் பகிர்ந்த மறுநாள், அவன் பெயரையே அதுவரை அறியாத நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் அவனுக்கு அறிவுரையும் வாக்குறுதியும் அனுப்பத் தொடங்குகிறார்கள். அவன் மனம் மாறினால் அதே ஆட்கள் எழுதும் சொற்களை நான் இங்கே தரப் போவதில்லை. வகுப்பில் தலைகுனிந்து தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அதை எடுத்து வைக்கச் சொல்வது எளிது. அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று அறிந்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் ஜார்ஜியா மாநிலத்தின் சுவானி நகரில் காலின்ஸ் ஹில் பள்ளியில் படித்த டிராவிஸ் ஹன்டர், தம் வகுப்பிலேயே நாட்டின் முதல் நிலை வீரராக மதிப்பிடப்பட்டவர். ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு நெடுநாள் வாய்மொழி உறுதி கொடுத்திருந்த அவர், 2021 டிசம்பர் 15 அன்று டியான் சாண்டர்ஸ் பயிற்றுவித்த ஜாக்சன் ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தார். பிறகு கொலராடோ, 2024இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது, 2025 ட்ராஃப்டில் இரண்டாவது இடம் என்று அவர் வாழ்க்கை நன்றாகவே அமைந்தது. ஆனால் அன்று ஒரு பள்ளி மாணவன் எடுத்த முடிவைத் துரோகம் என்று பேசிய பெரியவர்களுக்கு இந்தப் பின்கதை தெரியாது. தெரிந்திருக்கவும் தேவையில்லை, அந்த முடிவு அவர்களுடையது அல்ல.

பெரியவர்களின் வாக்குறுதிக்கு என்ன மதிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவின் ஜூலியன் சேயின் என்ற குவார்ட்டர்பேக் (பந்தெறியும் வீரர்) 2023 டிசம்பரில் அலபாமாவுக்குக் கையெழுத்திட்டார். மூன்று வாரங்களில், 2024 ஜனவரி 10 அன்று, அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த சில நாள்களிலேயே அந்த இளைஞர் மீண்டும் இடம் தேட வேண்டியதாயிற்று.

கொலம்பஸ்காரன் எழுதியது:

அவர் தேடி வந்த இடம் ஒஹாயோ ஸ்டேட் என்பதையும் பதிவு செய்கிறேன். வசை எழுதுபவர்களை நானும் கண்டிக்கிறேன், அம்மா. ஆனால் அவர்களைக் காட்டிப் பின்தொடர்பவர்கள் எல்லோரையும் ஒரே கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை.

சான் அன்டோனியோவாசி எழுதியது:

அறத்தை ஒரு பக்கம் வையுங்கள். தரவரிசைத் தளங்கள் மாணவர்களுக்கு ஐந்து வரை தரும் இந்த நட்சத்திரங்களை நம்பிப் பின்தொடர்வதே வீண் வேலை என்பது என் கட்சி.

2025 ட்ராஃப்டில் டெக்சஸ் பள்ளிகளில் படித்த இரண்டு குவார்ட்டர்பேக்குகளை ஒப்பிடுகிறேன். சவுத்லேக் கேரல் பள்ளியின் குவின் யூவர்ஸ், 247 ஸ்போர்ட்ஸ் என்ற தரவரிசைத் தளத்தின் கூட்டு மதிப்பீட்டில் முழு மதிப்பெண் பெற்றவர். அந்தப் பெருமை வெகு சிலருக்கே கிடைத்திருக்கிறது. வெஸ்ட் கொலம்பியா என்ற சிற்றூரின் கேம் வார்டுக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அவருடைய பள்ளி, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் விங்-டி ஆட்டமுறையை ஆடியதால் அவர் பந்தெறிவதைப் பார்க்கவே யாருக்கும் வாய்ப்பில்லை. எங்கள் ஊரின் இன்கார்னேட் வேர்ட் பல்கலைக்கழகம்தான் அவருக்கு இடம் கொடுத்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், பின்னர் மயாமி என்று போனார். ட்ராஃப்ட் நாளில் வார்ட் முதல் ஆளாக டென்னசி டைட்டன்ஸுக்குப் போனார். யூவர்ஸ் ஏழாம் சுற்றில் 231ஆவது ஆளாகப் போனார்.

பின்னாளில் என்.எஃப்.எல்.இல் புகழ்பெற்ற, ஃபயர்பா என்ற கலிஃபோர்னியச் சிற்றூரின் ஜாஷ் ஆலனை உயர்மட்டக் கல்லூரி எதுவும் பள்ளியிலிருந்து நேராக அழைக்கவில்லை என்பதையும், டெக்சஸ் டெக்கில் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்த பேக்கர் மேஃபீல்ட் பிறகு ஓக்லஹோமாவில் 2017 ஹைஸ்மன் விருதை வென்றார் என்பதையும் நண்பர்கள் அறிவீர்கள். பதினாறு வயதில் எழுதப்படும் தீர்ப்பை வேதவாக்காகக் கொள்வது எதற்கு?

புள்ளிக்கணக்கன் எழுதியது:

நண்பர் தந்த எடுத்துக்காட்டுகள் எல்லாம் உண்மை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவை ஏற்க இயலாது. நாட்டில் பத்து லட்சம் அளவில் பள்ளி மாணவர்கள் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். அவர்களில் ஒவ்வோர் ஆண்டு வகுப்பிலும் முப்பத்திரண்டு பேர் அளவுக்கே 247 ஸ்போர்ட்ஸ் ஐந்து நட்சத்திரம் தருகிறது, என்.எஃப்.எல். ட்ராஃப்டின் முதல் சுற்றில் உள்ள இடங்களின் எண்ணிக்கையை ஒட்டி அமைந்த அளவு அது. மூன்று நட்சத்திரம் பெறுபவர்களோ ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து நூற்றுக்கு ஒருவர் மேலே வந்தாலும் அவர்கள் நம் கண்ணுக்கு நிறையத் தெரிவார்கள். கேட்க வேண்டிய கேள்வி விகிதம் பற்றியது. ஓர் ஐந்து நட்சத்திர மாணவன் முதல் சுற்றுக்குப் போகும் வாய்ப்பு, ஒரு மூன்று நட்சத்திர மாணவனின் வாய்ப்பைவிடப் பன்மடங்கு அதிகம். ஜடெவியன் க்ளவ்னியும் டிரெவர் லாரன்ஸும் பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள், ட்ராஃப்டிலும் முதல் ஆளாகப் போனவர்கள்.

அணிகள் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவு. கடந்த நான்கு ஆட்சேர்ப்பு வகுப்புகளில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திர மாணவர்களைக் கொண்ட அணிகளே தேசியப் பட்டத்துக்கு உரியவை என்று பட் எலியட் என்ற எழுத்தாளர் ஓர் அளவுகோலை வகுத்தார். 2022 பருவத்தில் அந்த அளவுக்குக் கீழே இருந்த டி.சி.யூ. (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அரையிறுதியில் மிச்சிகனை வென்று இறுதிக்கு வந்தது, நாடே மகிழ்ந்தது. இறுதியில் ஜார்ஜியா 65-7 என்று வென்றது. அன்று இரு அணிகளின் முன்வரிசைகளும் எதிரெதிரே நின்றபோது, நட்சத்திரங்கள் எதைக் குறிக்கின்றன என்பதைக் களத்திலேயே பார்க்க முடிந்தது.

யூவர்ஸைத் தோல்வி என்று காட்டுவதும் சரியல்ல. 2023, 2024 என்று அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் டெக்சஸ் பல்கலைக்கழக அணியைத் தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோனவர் அவர். கல்லூரி அவரை எதற்காக அழைத்ததோ அதை அவர் செய்தார்.

லைன்மேன் அப்பா எழுதியது:

டாலஸின் புறநகரில் வசிக்கிறேன். என் மகன் பதினோராம் வகுப்பில் தாக்குதல் வரிசையில் ஆடுகிறான். இதுவரை பேசியவர்கள் எல்லோரும் பட்டியலின் உச்சியைப் பற்றியே பேசினார்கள். அதற்குக் கீழே நடப்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்களைப் போன்ற வீடுகளில் ரசிகர்களின் கவனம் சுமையாக வருவதில்லை. அது கிடைக்காதா என்றுதான் ஏங்குகிறோம். மகனின் ஆட்டத் துண்டுகளை ஹட்ல் தளத்தில் ஏற்றுகிறோம். கோடை விடுமுறையில் முகாமுக்கு முகாம் கார் ஓட்டிச் செல்கிறோம். அந்தச் செலவைத் தாங்க முடியாத குடும்பத்துப் பையன், இவனைவிட நன்றாக ஆடினாலும், யார் கண்ணிலும் படாமல் போகிறான். உள்ளூர்த் தளத்தில் ஒரு நிருபர் நாலு வரி எழுதினால் ஒரு பயிற்சியாளர் காணொளியைத் திறந்து பார்க்கிறார். அந்த நிருபருக்குச் சம்பளம் வருவது கொலம்பஸ்காரன் போன்றவர்கள் கட்டும் சந்தாவிலிருந்து. ஆகவே ரசிகர்கள் பின்தொடர்வதை நிறுத்தினால் முதலில் இருட்டுக்குள் போகிறவர்கள் சிற்றூர்ப் பிள்ளைகள்தான். உச்சியில் இருப்பவனைத் தேடி எப்படியும் வருவார்கள்.

இன்றைய உண்மையான இடர் வேறு. 2018இல், வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இல் முதல் முறை மாறுபவர் ஓராண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்று ஆனது. 2024இல் இண்டியானா பருவ ஆட்டங்களில் பதினொன்றை வென்றது நினைவிருக்கும். புதிய பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, தாம் முன்பிருந்த ஜேம்ஸ் மேடிசனிலிருந்தே பல வீரர்களைக் கையோடு கூட்டி வந்திருந்தார். அதைப் பார்த்த பிறகு, மூன்று ஆண்டு உணவும் பளுப்பயிற்சியும் கொடுத்து வளர்க்க வேண்டிய ஒரு பதினேழு வயது லைன்மேனுக்காகக் காத்திருக்க எந்தப் பயிற்சியாளருக்குப் பொறுமை இருக்கும்? “பையன் நன்றாக ஆடுகிறான், ஆனால் அந்த இடத்துக்கு இருபத்திரண்டு வயதுக்காரனைப் பார்க்கிறோம்” என்று எங்களிடமே ஒருவர் சொன்னார். போதாக்குறைக்கு, 2025இலிருந்து வீரர்களுக்கு வருவாயைப் பகிரும் முறையில் சேர்ந்த கல்லூரிகளின் அணிக்கு 105 பேர் என்ற உச்சவரம்பும் வந்துவிட்டது; உதவித்தொகை இல்லாமலேயே சேர்ந்து தம்மை நிரூபிக்க நினைத்தவர்களுக்கு இருந்த கதவும் குறுகிவிட்டது.

அட்லாண்டா ஆசிரியை எழுதியது:

லைன்மேன் அப்பா அவர்களின் பதிவு என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. அவர் மகனுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். ஆனால் சந்தாப் பணம் பற்றி அவர் சொன்னதையே இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோக வேண்டும். 2021 ஜூலை 1க்குப் பிறகு வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்று ஆனது. வீரர்களுக்குப் பணம் தர ரசிகர்களும் செல்வந்தர்களும் கூட்டுநிதி அமைப்புகளை உருவாக்கினார்கள். அன்றிலிருந்து ரசிகர் வெறும் பார்வையாளராக இல்லை. மாதம் ஒரு தொகை கட்டியவர், அந்த மாணவனைத் தாம் வாங்கியதாகவே நினைக்கத் தொடங்குகிறார்.

இதன் விளைவைப் பாருங்கள். டெக்சஸில் பள்ளி மாணவர்கள் இத்தகைய பணம் பெற அனுமதி இல்லாததால், யூவர்ஸ் தம் கடைசிப் பள்ளி ஆண்டையே விட்டுவிட்டு முதலில் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார், பிறகுதான் டெக்சஸுக்கு மாறினார். கலிஃபோர்னியாவின் ஜேடன் ரஷாடா, ஏறத்தாழ 1.38 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் பேசப்பட்ட நிலையில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்திட்டார். அந்தப் பணம் வரவில்லை. 2023 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார். 2024 மே மாதம் வழக்குத் தொடுத்தார். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளி முடிக்கும் பருவத்தில் ஒரு பிள்ளை இப்படிப்பட்ட தாளில் கையெழுத்திடும் நிலையை யாருடைய ஆவல் உருவாக்கியது என்றுதான் கேட்கிறேன்.

கொலம்பஸ்காரன் எழுதியது:

பணம் வந்ததை நான் சீரழிவாகப் பார்க்கவில்லை. பயிற்சியாளர்கள் பல லட்சம் டாலர் சம்பளம் வாங்கிய பல பத்தாண்டுகளில் ஆடியவனுக்கு உதவித்தொகைக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. வீரர்களுக்கான கல்வி சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு போட்டதை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில், 2021இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததற்குக் காரணம் உண்டு. 2025 ஜூனில், வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசம் ஏற்கப்பட்ட பிறகு கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பகிரலாம் என்று ஆனது; 2025-26ஆம் ஆண்டுக்கு வரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். பிரைஸ் அண்டர்வுட் என்ற குவார்ட்டர்பேக் எல்.எஸ்.யூ.வை (லூசியானா ஸ்டேட்) விட்டுத் தம் வீட்டருகே உள்ள மிச்சிகனுக்கு மாறியபோது, எங்கள் பரம எதிரிக்குப் போகிறாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் அது அவருடைய உரிமை.

ஒன்றை முன்வைக்கிறேன். இந்த இழையில் எழுதுபவர்கள் கையெழுத்திடும் வரை எந்த மாணவனுக்கும் நேரடியாகச் செய்தி அனுப்புவதில்லை, அவன் பக்கத்தைச் சுட்டி எழுதுவதில்லை, முடிவை மாற்றியவனைப் பற்றிக் கடுஞ்சொல் எழுதுவதில்லை என்று ஏற்றுக்கொள்வோமா?

அட்லாண்டா ஆசிரியை எழுதியது:

ஏற்கிறேன். அத்துடன் பதினோராம் வகுப்பு செப்டம்பருக்கு முன் எந்த மாணவனின் பெயரையும் இங்கே விவாதிப்பதில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். பயிற்சியாளருக்கு உள்ள எல்லை நமக்கும் இருக்கட்டும்.

லைன்மேன் அப்பா எழுதியது:

முதல் மூன்றுக்கும் என் முழு ஒப்புதல். நான்காவதை என்னால் ஏற்க முடியாது, அம்மா. பதினோராம் வகுப்பு செப்டம்பரில் பயிற்சியாளர் செய்தி அனுப்பத் தொடங்கும்போது, யாருக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் அவர் கையில் ஏற்கெனவே இருக்கும். அது ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. நாம் பேசாமல் இருந்தால் முகாம்களுக்குப் பணம் கட்டிய பிள்ளைகளின் பெயர்கள் மட்டுமே அதில் இருக்கும்.